உணவுக்கு அரை மணி முன்னால்

(சமுதாய நலச் செவிலியம் பயிலும் மாணவியர், களப்பணியில் இருக்கும் செவிலியர் ஆகியோரிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சுகர் மாத்திரை கொடுக்கும்போது நாம் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறோம்: "சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி ஒன்று போடுங்கள்." அந்த வாக்கியத்துக்குள் ஒரு சாப்பாடு இருக்கிறது. அரை மணி கழித்து அது தட்டில் வந்துவிடும் என்று நாமாகவே முடிவு செய்துகொண்டு பேசுகிறோம். அது வராத வீடுகளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சுக்கு இப்போது ஒரு அவசரம் இருக்கிறது. 2020இல் நம் மாநிலத்தில் தொற்றா நோய்கள் பற்றி நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பு, நீரிழிவு உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்குத்தான் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று காட்டியது. அடுத்த ஆண்டு, 2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் பிடித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்றவர்களின் வாசலுக்கே மாத்திரை போனது. பெரிய காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மாத்திரை வாங்க வர முடியாதவர் முன்பெல்லாம் மாத்திரை போடாமலே இருந்தார். இப்போது மாத்திரை தவறாமல் கைக்கு வருகிறது; சோறு அப்படி வருவதில்லை. மாத்திரை ஒழுங்காக வரும் வீட்டில் சாப்பாடு ஒழுங்கில்லாமல் போனால் என்ன ஆகும் என்பது மருந்தியல் கேள்வி. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிபிசைடு என்று நாம் கொடுக்கும் சல்போனைல்யூரியா மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைப்பவை. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. மாத்திரை உள்ளே போனால் இன்சுலின் வெளியே வரும். சோறு வரவில்லை என்றால், இரத்தத்தில் இருக்கிற கொஞ்ச நஞ்சச் சர்க்கரையையும் அது வழித்து எடுத்துவிடும். 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நடுக்கம், வியர்வை, படபடப்பு. 54க்குக் கீழே போனால் குழறல், மயக்கம், வலிப்பு. மெட்பார்மின் இப்படிச் செய்வதில்லை. தனியாகக் கொடுத்தால் அது சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. ஒரே கவரில் வரும் இரண்டு மாத்திரைகளில் ஒன்று பட்டினியைப் பொறுத்துக்கொள்ளும், இன்னொன்று பொறுக்காது. இதை நோயாளிக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்க நினைத்தேன், வேண்டாம்.

வயதானவர்களிடம் இது இன்னும் மோசம். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்து உடம்பில் தங்கிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியல், 60 வயதுக்கு மேற்பட்டோருக்குக் கிளிபென்கிளமைடு ஏற்றதல்ல என்றே குறிப்பிடுகிறது. சுகர் இறங்கிக் கிடக்கும் பெரியவரைப் பார்த்து ஊர் என்ன சொல்லும்? குடித்திருக்கிறார் என்னும், வாதம் அடித்துவிட்டது என்னும், சாமி வந்திருக்கிறது என்னும். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து அவர் எழுந்து உட்கார்ந்தவுடன் நம் வேலை முடிந்ததாக நினைப்பது மாத்திரை விஷயத்தில் தப்பு. மாத்திரையின் வேலை முடிந்திருக்காது. இரண்டு மணி நேரத்தில், சில சமயம் மறுநாள் விடியற்காலையில், மறுபடியும் இறங்கும். மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டிய நோயாளி அவர்.

இங்கே கொஞ்சம் பழைய கதை ஒன்றுக்குப் போகிறேன். நம் ஊர்க் கதைதான். 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கே ஒரு ஆய்வு நடந்தது. காசநோயாளிகளில் ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று எல்லாம் அவர்களுக்குக் கிடைத்தன. இன்னொரு பிரிவினர் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே, கிடைத்ததைத் தின்றுகொண்டு, அவர்களுக்குக் கொடுத்த அதே மருந்துகளை, ஐசோனியாசிடையும் பாஸையும், சாப்பிட்டார்கள். 1959இல் முடிவு வெளியானது. ஓராண்டுக்குப் பிறகு இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம். வீட்டிலேயே சிகிச்சை என்ற கொள்கை, அதாவது நீங்கள் இன்று பையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாய்ப் போகிற வேலை, பெரும் அளவில் நிலைபெற்றது அங்கேதான் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் அந்த ஆய்விலிருந்து பொதுச் சுகாதாரத் துறை இன்னொரு பாடத்தையும் சேர்த்துப் படித்துக்கொண்டது: மருந்து ஒழுங்காகப் போனால் போதும், சாப்பாடு இரண்டாம் பட்சம். காசநோய்க் கிருமியைக் கொல்கிற மருந்துக்கு அது ஓரளவு சரி. மருந்து தாக்குவது கிருமியை. நோயாளியின் தட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் குறி மாறுவதில்லை. நீரிழிவு மாத்திரை தொடுவது நோயாளியின் எரிபொருளையே. காசநோயில் கற்ற வீட்டுச் சிகிச்சை முறையை அப்படியே எடுத்து நீரிழிவுக்குப் பொருத்தினோம்; அதோடு அந்த இரண்டாம் பட்சமும் சேர்ந்தே வந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், காசநோய்த் துறையே அந்தப் பாடத்தைத் திருத்திக்கொண்டுவிட்டது. ஜார்க்கண்டில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் நடத்திய ரேஷன்ஸ் ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. நோயாளியின் வீட்டாருக்கு அரிசியும் பருப்பும் மாதாமாதம் கொடுத்ததில், அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அதற்கு முன்பே, 2018 முதல், காசநோயாளிக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாய் மத்திய அரசு கொடுத்துவந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1000 ரூபாய். கர்ப்பிணிக்கு முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவியும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் இருக்கின்றன. நீரிழிவு நோயாளிக்கு என்ன இருக்கிறது? ஒரு தாளில் அச்சடித்த உணவுப் பட்டியல். அதில் ஓட்ஸ் இருக்கிறது, ஆப்பிள் இருக்கிறது, பாதாம்கூட இருக்கிறது.

இது பணக்காரர் நோய், அதனால் சாப்பாடு பற்றிப் பேசுவதென்றால் குறைத்துச் சாப்பிடச் சொல்வதுதான் என்ற எண்ணம் நம் பாடத்திட்டத்துக்குள் இன்னும் ஒளிந்திருக்கிறது. ஐ.சி.எம்.ஆர். நடத்திய இன்டியாப் (INDIAB) ஆய்வு 2023இல் நாடு முழுவதும் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். எண்களை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே ஆய்வுக்குழு 2017இல் 15 மாநிலங்களைப் பற்றி எழுதியதில் இருந்த ஒரு செய்தியை அவ்வளவாக யாரும் எடுத்துச் சொல்வதில்லை: வளர்ந்த மாநிலங்களின் நகர்ப்புறங்களில், நீரிழிவு வசதியானவர்களைவிட வசதி குறைந்தவர்களிடம் அதிகம். அப்படிச் சொல்லப்பட்ட இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. நோய் வீடு மாறிப் பல காலம் ஆகிவிட்டது. நம் அறிவுரைதான் பழைய விலாசத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

பசியே நீரிழிவை உண்டாக்கும் என்பதும் புதிய செய்தி அல்ல. 1955இல் ஜமைக்காவில் ஹியூ-ஜோன்ஸ் என்ற மருத்துவர், ஒல்லியான, ஊட்டம் குறைந்த உடம்பில் வரும் ஒரு தனி வகை நீரிழிவைக் குறித்தார். 1985இல் உலக சுகாதார நிறுவனம் அதைத் தன் வகைப்பாட்டில் சேர்த்தது. சான்று போதவில்லை என்று 1999இல் எடுத்துவிட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நிஹால் தாமஸும் நியூயார்க்கின் மெரடித் ஹாக்கின்ஸும் சேர்ந்து செய்த ஆய்வு 2022இல் வந்தது. இந்த மெலிந்த நோயாளிகளிடம் இன்சுலின் சுரப்பு குறைவு. ஆனால் இரண்டாம் வகையில் காணும் இன்சுலின் எதிர்ப்பு இல்லை. முதல் வகைக்காரர்களிடமிருந்தும் இவர்கள் வேறுபடுகிறார்கள் என்று அது காட்டியது. 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை என்று ஏற்றுக்கொண்டது. விவாதம் ஓயவில்லை, ஓயவும் வேண்டாம். நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: நாற்பது கிலோ எடையில் ஒரு இளைஞர் சுகர் என்று வந்து நிற்கும்போது அவரிடம் "சோத்தைக் குறைங்க" என்று சொல்லிவிடாதீர்கள். முதல் வகைக்குரிய இன்சுலின் அளவை அவருக்குப் போட்டு, வீட்டில் சாப்பாடும் இல்லையென்றால், அந்த இன்சுலினே அவரை வீழ்த்திவிடலாம்.

சரி, மாதத்தின் எந்த நாளில் வீட்டில் சாப்பாடு தீர்கிறது? அமெரிக்காவில் ஹிலரி செலிக்மன் என்ற மருத்துவர் இதை மருத்துவமனைப் பதிவுகளை வைத்தே கண்டுபிடித்தார். கலிபோர்னியாவில் 2000 முதல் 2008 வரையிலான பதிவுகள். தாழ்நிலைச் சர்க்கரையால் சேர்க்கப்பட்ட ஏழை நோயாளிகளின் எண்ணிக்கை, மாதத்தின் முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27 சதவீதம் அதிகம். வசதியானவர்களிடம் அந்த ஏற்ற இறக்கம் இல்லை. சரிபார்ப்பதற்காகக் குடல்வால் அழற்சியையும் எடுத்துப் பார்த்தார்கள். குடல்வாலுக்கு மாதக் கடைசி தெரியவில்லை. அங்கே அரசின் உணவு உதவி மாத முதல் பத்து நாட்களில் வருகிறது. தீர்ந்துபோகிற நாட்களும் அதற்கேற்ப அமைகின்றன.

நம் வீடுகளில் அந்த நாள் வேறு. அதைக் கண்டுபிடிப்பது ஆய்வாளர் வேலை என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் ஊரில் அதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. ரேஷன் எந்த வாரம் போடுகிறார்கள், பருப்பும் பாமாயிலும் அதே நாளில் வருகிறதா, "அப்புறம் வாங்க" என்கிறார்களா? குழுக் கடன் தவணை எந்தக் கிழமை? கலெக்‌ஷன்காரர் வாசலில் நிற்கும் நாளில் கையிலிருக்கும் காசு முதலில் அவருக்குத்தான் போகும், மளிகைக்கு மிஞ்சியதுதான். கிழக்குக் கடற்கரை மீனவர் குப்பங்களில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கார்த்திகை மழையில் கூலி வேலை இல்லாத நாட்கள். நூறு நாள் வேலைக்குக் காலையில் முகம் காட்டிப் போட்டோ எடுக்க வேண்டும் என்பதால், மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு ஓடுகிற பெண்கள். பத்து மணி வெயிலில் மண்வெட்டி பிடிக்கும்போது அவர்களுக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ரேஷன் அரிசி இருக்கிறதே, பிறகு ஏது பட்டினி என்று கேட்பவர்கள் உண்டு. 2011 ஜூன் முதல் நம் மாநிலத்தில் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதை நான் பெரிதாக மதிக்கிறேன். அது இல்லாத மாநிலங்களில் வேலை பார்த்த தோழிகள் சொன்னதைக் கேட்ட பிறகு இன்னும் அதிகமாக மதிக்கிறேன். இலவச அரிசிதான் எல்லாருக்கும் சுகரைக் கொண்டுவந்தது என்று மேடையில் பேசுபவர்கள், கேரளத்திலும் கோவாவிலும் நம்மைவிட மிக அதிகமாக நீரிழிவு இருப்பதற்கு என்ன காரணம் என்று சொல்லிவிட்டு மேலே பேசட்டும். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கு பேர் கொண்ட வீட்டுக்கு 20 கிலோ. ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 165 கிராம். 580 கலோரி வரும். நடுத்தர உழைப்பு உழைக்கும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 2130 கலோரி தேவை என்கிறது 2020ஆம் ஆண்டின் தேசியப் பரிந்துரை. 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம் பருப்பைப் பிரித்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தட்டில் பருப்பு, முட்டை, மாமிசம் எல்லாம் சேர்த்து 85 கிராம். மிச்சத்தை யார் கொடுப்பார்கள்? கையில் காசு இருக்கும் வாரம் காயும் முட்டையும். இல்லாத வாரம் வெறும் சோறு. அதுவும் தீர்ந்தால் டீயும் பன்னும். முதல் வாரம் சர்க்கரை ஏறுகிறது, கடைசி வாரம் இறங்குகிறது. இரண்டும் சேர்ந்த சராசரியைத்தான் மூன்று மாதத்துக்கான பரிசோதனை காட்டும். அந்தச் சராசரியைப் பார்த்து மாத்திரையைக் கூட்டினால், இறங்குகிற வாரத்தில் இன்னும் ஆழமாக இறங்கும்.

அதனால் உணவுப் பட்டியல் தாளைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அரிசி மட்டுமே நிச்சயமாக இருக்கிற வீட்டில் என்ன சொல்லலாம்? பச்சரிசிக்குப் பதில் புழுங்கல் அரிசி வாங்கச் சொல்லலாம். கடையில் இரண்டும் இருக்கும் நாளில் அது காசு கேட்காத மாற்றம். வேலியில் நிற்கும் முருங்கையிலிருந்து கீரை. கொள்ளும் நிலக்கடலையும் கைக்கு எட்டும் பகுதிகளில் அவை. சோற்றுக்கு முன் கீரையையோ பருப்பையோ சாப்பிடுவது. கேழ்வரகைப் பற்றி ஒரு எச்சரிக்கை: நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023இல் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது நல்லதுதான். ஆனால் நைசாக அரைத்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் அதுவும் சோற்றைப் போல வேகமாகத்தான் சர்க்கரையை ஏற்றும். "கூழ்தானே, எவ்வளவு வேணா குடிக்கலாம்" என்று நாம் சொல்லிவைத்திருக்கிறோம். களியாகவோ அடையாகவோ, பருப்பு சேர்த்து அளவோடு, என்று திருத்திச் சொல்லுங்கள்.

இனி, கேட்பது எப்படி என்பதற்கு வருகிறேன். இன்றைக்கு நான் இங்கே வந்ததே இதற்காகத்தான்.

அமெரிக்காவில் 2010 முதல் ஒரு இரண்டு கேள்விக் கருவி புழக்கத்தில் இருக்கிறது. கடந்த பன்னிரண்டு மாதத்தில், காசு வருவதற்கு முன் சாப்பாடு தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டீர்களா? வாங்கிய சாப்பாடு போதாமல் போய், மேலும் வாங்கக் காசில்லாமல் இருந்ததா? அடிக்கடி, எப்போதாவது, இல்லவே இல்லை. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனத்திடம் எட்டுக் கேள்விகள் கொண்ட இன்னொன்று இருக்கிறது. நல்ல கருவிகள். ஆனால் அவற்றை அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டு போய் ஒரு திண்ணையில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். "எங்களுக்கு என்னம்மா குறை?" என்று பதில் வரும். பசியை ஒப்புக்கொள்வது நம் ஊரில் மானப் பிரச்சினை. "சாப்ட்டீங்களா?" என்று கேட்டாலோ "ஆச்சு" என்பதைத் தவிர வேறு பதில் வராது. கேட்டவருக்கு ஒரு வாய் சோறு போட முடியாத நிலையில் இருப்பவர்கள், தாங்களும் சாப்பிடவில்லை என்று எப்படிச் சொல்வார்கள்?

இன்னொரு சிக்கல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வயதான அம்மாவிடம் மருமகள் முன்னால் கேட்டால், "இல்லை" என்ற ஒரே சொல் மருமகள்மேல் புகாராகிவிடும். அந்த அம்மா ஒருநாளும் அதைச் சொல்ல மாட்டார். மருமகளிடம் தனியாகக் கேட்டால், அவளே கடைசியில் மிஞ்சியதைத் தின்பவளாக இருப்பாள். அவளுக்கும் சுகர் இருக்கலாம், யாரும் பரிசோதித்திருக்க மாட்டார்கள். மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர் அதே ஊர்ப் பெண், அதே மகளிர் குழுவிலிருந்து வந்தவர். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவருக்குத் தெரியும். அதே காரணத்தால் அவரிடம் மறைப்பார்கள்; ஒரே குழுவில் ஒரே கடனில் இருக்கிறவர்கள் அல்லவா? துணை சுகாதார நிலையத்துச் செவிலியர் கொஞ்சம் வெளியாள் என்பது இந்த ஒரு விஷயத்தில் வசதி.

வட மாவட்டத்து வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டியை அங்கே ஆயா என்பார்கள். பேச்சு இப்படிப் போகலாம்:

"ஆயா, நேத்து ராத்திரி என்ன ஆக்கினீங்க?"

"என்னாத்த ஆக்கறது நர்சம்மா, மத்தியானச் சோறே கொஞ்சம் இருந்துச்சு."

"யார் யார் சாப்ட்டீங்க?"

"புள்ளைங்க துன்னுச்சுங்க. எனக்குப் பசிக்கல."

"மாத்திரை போட்டீங்களா?"

"அதை உட முடியுமா? நீ கோச்சுக்குவியே!"

பார்த்தீர்களா? பட்டினி என்ற சொல் எங்குமே வரவில்லை. ஆனால் இரவு வெறும் வயிற்றில் மாத்திரை போனது தெரிந்துவிட்டது. நம் மேல் உள்ள பயத்தால் அது போனது என்பதும் தெரிந்துவிட்டது. மாத்திரை விட்டுப்போனதற்காக நோயாளியைத் திட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சாப்பாடு விட்டுப்போன நாளில் மாத்திரையையும் சரியாகவே விட்டவரை அந்தத் திட்டு தண்டிக்கிறது.

அதனால் நேற்றைக் கேளுங்கள், பொதுவாகக் கேட்காதீர்கள். அடுப்பைக் கேளுங்கள்: சிலிண்டர் எப்போது வந்தது, எத்தனை வேளை மூட்டினீர்கள்? கடைக் கணக்கைக் கேளுங்கள். எல்லா வீட்டிலும் கேளுங்கள், மாடி வீட்டிலும். "இந்த மாத்திரைக்குச் சாப்பாடு கட்டாயம், அதனால எல்லாரையும் கேக்கறோம்" என்று ஒரு வரி சொல்லிவிட்டால் கேள்வியிலிருந்து அவமானம் கழன்றுவிடும். அது பொய்யும் அல்ல.

கேட்டுத் தெரிந்த பிறகு செய்ய வேண்டியவற்றில் சில உங்கள் கையிலேயே இருக்கின்றன. எந்த மாத்திரை சாப்பாடு இல்லாவிட்டால் போடக் கூடாதது என்று கவரைத் தனியாகக் கட்டிக் காட்டுங்கள். எழுத்துத் தெரியாதவருக்கு அந்தக் கவரில் ஒரு தட்டு வரைந்து கொடுங்கள். முந்தானையில் முடிந்துவைக்க மூன்று ஸ்பூன் சர்க்கரையோ ஒரு துண்டு வெல்லமோ. பதினைந்து நிமிடம் கழித்தும் நடுக்கம் நிற்காவிட்டால் இன்னொரு முறை. இன்சுலின் போடுபவர்களிடம் மட்டும், சாப்பாடு இல்லை என்றால் ஊசியே வேண்டாம் என்று ஒருபோதும் பொதுவாகச் சொல்லாதீர்கள். முதல் வகை நோயாளி இன்சுலினை அடியோடு நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அளவை மாற்றுவது மருத்துவர் வேலை, உடனே போன் போடுவது உங்கள் வேலை. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானைத் தண்ணீருக்கு நடுவே, ஈரம் படாமல் ஒரு டப்பாவில் மருந்துக் குப்பியை வைக்கும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது; நிழலில் வைக்கச் சொல்லுங்கள்.

மருத்துவ அலுவலரிடம் பேசுவதற்கு உங்களுக்கு ஒரு பிடி தருகிறேன். ரமலான் நோன்பு இருக்கும் நீரிழிவு நோயாளிக்கு எந்த மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றுவது, யாருக்கு நோன்பே கூடாது என்று விரிவான சர்வதேச வழிகாட்டி இருக்கிறது. மருத்துவர்கள் அதைப் படித்திருக்கிறார்கள். விரும்பி இருக்கும் நோன்புக்கு மருந்தை மாற்றத் தெரிந்த நாம், விரும்பாமல் இருக்கும் நோன்புக்கும் மாற்றலாம். "சார், இந்த வீட்டில் மாதக் கடைசியில் ராத்திரி அடுப்பு எரிவதில்லை. ராத்திரி மாத்திரையை எடுத்துவிடலாமா?" என்று கேட்டால் எந்த மருத்துவரும் அதை அலட்சியம் செய்ய முடியாது. அது சமூக சேவைப் பேச்சாக ஒலிக்காது. மருந்துப் பாதுகாப்புக் கேள்வி.

அதோடு, எழுதுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, எடை எல்லாம் எழுதும் பதிவேட்டில் "நேற்று எத்தனை வேளை" என்பதற்குக் கட்டம் இல்லை. குறிப்புக்கான இடத்தில் எழுதுங்கள். காசநோயாளியின் பசி அரசாங்கக் கணக்குக்குள் வந்தது பல ஆண்டு எடைக் குறிப்புகளாலும் ஆய்வுகளாலும்தான். நீரிழிவில் அந்தக் கணக்கைத் தொடங்கக் கூடிய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

பேச்சு முடிந்ததும் ஒரு இளம் செவிலியர் கேட்டார்: "மேடம், கேட்டுட்டோம், எழுதிட்டோம். டாக்டரும் மாத்திரையைக் குறைச்சிட்டார். ஆனா அந்த ஆயாவுக்குச் சோறு?" சரியான கேள்வி. அவருக்குச் சொன்ன பதிலையும் இங்கே சேர்த்துவிடுகிறேன்.

முதலில் அட்டையைப் பாருங்கள். தனியாக வாழும் விதவைக்கும் மிக வறிய குடும்பத்துக்கும் 35 கிலோ அரிசிக்கான அந்தியோதயா அட்டை உண்டு; தகுதி இருந்தும் சாதாரண அட்டையோடு இருப்பவர்கள் உண்டு. முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்ட் முதல் 1200 ரூபாய். விண்ணப்பமே போடாதவர்கள் எந்தத் தெருவிலும் கிடைப்பார்கள். பலருக்கும் தெரியாமல் இருப்பது இது: முதியோர் உதவித்தொகை பெறுபவர் சத்துணவு மையத்தில் மதியச் சாப்பாடு சாப்பிடலாம். பழைய சலுகை, யாரும் ரத்து செய்யவில்லை. பிள்ளைகளோடு உட்கார வெட்கப்பட்டால் தூக்குச் சட்டியில் வாங்கிப் போக முடியுமா என்று அமைப்பாளரிடம் நீங்களே பேசுங்கள். பள்ளி விடுமுறையில் என்ன ஏற்பாடு என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அது நிச்சயமான ஒரு வேளை என்று ஆனதும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் திரும்பி வாருங்கள். அந்த ஆயாவின் சீட்டில் கிளிமிபிரைடுக்கு நேரே "காலை" என்று இருக்கும். அதை அடித்து "மதியம்" என்று எழுதலாமா என்று கேட்டு, மருத்துவ அலுவலரின் கையெழுத்தை வாங்குங்கள்.